தோற்றவருக்கே முதல் தேர்வு. ஆனாலும் தொடரும் தோல்வி

2018 ஜனவரி 6 அன்று கிளீவ்லாந்து நகரில் விசித்திரமான ஓர் ஊர்வலத்தைக் கண்டேன். ஈரி ஏரியிலிருந்து வீசிய பனிக்காற்று எலும்பைத் துளைத்தது. அந்தக் குளிரிலும் ஏரிக்கரை விளையாட்டரங்கைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் கேலி வாசகங்களை ஏந்தி நடந்தனர். அவர்கள் நடந்த பாதை பூஜ்ஜியத்தின் வடிவம். நகரின் கால்பந்து அணியான பிரவுன்ஸ், அந்தப் பருவத்தின் 16 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. தோல்வியில் கண்ட அந்த 'முழுமை'யைக் கொண்டாடுவதாகச் சொல்லித் தங்கள் கோபத்தையும் துயரத்தையும் ரசிகர்கள் வெளிப்படுத்தினர். அந்நிகழ்வில் திரண்ட உதவி, பசித்தோருக்கு உணவளிக்கும் அமைப்பைச் சென்றடைந்தது.

பணி நிமித்தமாக ஓஹியோ மாநிலத்துக்குச் செல்லும்வரை, கிளீவ்லாந்து என்றால் ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் தியாகராஜ ஆராதனை மட்டுமே எனக்கு நினைவுக்கு வரும். அங்கு வாழ்ந்த சில ஆண்டுகளில்தான், ஒரு விளையாட்டு அணி ஒரு நகரத்தின் மனத்தை எந்த அளவுக்கு ஆட்டிவைக்கும் என்பதை அறிந்தேன். என் அண்டை வீட்டுப் பெரியவர் எஃகு ஆலையில் உழைத்து ஓய்வுபெற்றவர். அணி கடைசியாகச் சாம்பியன் பட்டம் வென்ற 1964-ஆம் ஆண்டில் அவர் பள்ளிச் சிறுவன். அந்த ஊர்வலத்துக்கு அவர் வரவில்லை. சிரிக்கும் அளவுக்குத் தமக்கு இன்னும் மனம் ஆறவில்லை என்றார்.

அவருடைய வருத்தத்தைப் புரிந்துகொள்ள, தேசியக் கால்பந்து லீக் எனும் அமைப்பின் அடிப்படை விதி ஒன்றை அறிய வேண்டும். கல்லூரிகளிலிருந்து வரும் இளம் வீரர்களை 32 அணிகளும் ஆண்டுக்கொருமுறை ஏழு சுற்றுகளில் தேர்வு செய்கின்றன. இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். நமக்குப் பழக்கமான ஐபிஎல் ஏலத்தைப்போல இங்கே பணப்பை பேசாது. முந்தைய பருவத்தில் கடைசி இடம் பெற்ற அணிக்கே முதல் தேர்வு. வெற்றி பெற்ற அணி கடைசியில் நிற்கும். தேர்வு இடங்களை அணிகள் தமக்குள் பண்டமாற்று செய்துகொள்ளலாம். ஊதியத்துக்கான மொத்தச் செலவுக்கும் எல்லா அணிகளுக்கும் ஒரே உச்சவரம்பு. வீழ்ந்தவர் எழவேண்டும் என்பதற்காகவே 1936 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இது.

அப்படியிருந்தும் ஓர் அணி கால் நூற்றாண்டாக எழாமல் கிடக்கிறது என்றால், அதற்குத் துரதிர்ஷ்டம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. 1999-இல் புதிதாகத் தொடங்கப்பட்டது முதல் 2025 வரை பிரவுன்ஸ் அணி நாக்-அவுட் சுற்றுக்குத் தகுதி பெற்றது மூன்றே முறை. இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் அது ஆடியதே இல்லை. ஆட்டத்தை வழிநடத்தும் 'குவார்ட்டர்பேக்' பொறுப்பில் இக்காலத்தில் மூன்று டஜனுக்கும் அதிகமானோர் களமிறங்கிவிட்டனர்.

நல்ல வீரரை அடையாளம் காணும் கண் அந்த நிர்வாகத்துக்கு இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், அது முழு உண்மையன்று. 2007-இல் மூன்றாவது இடத்தில் தேர்வான ஜோ தாமஸ், தற்காப்பு அரணாகத் தொடர்ந்து 10,363 ஆட்டத் தருணங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் களத்தில் நின்றவர். 2023-இல் புகழரங்கில் இடம்பெற்றார். 2017-இல் முதல் இடத்தில் தேர்வான மைல்ஸ் கேரட், தம் தலைமுறையின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். ஆனால் தாமஸோ, 11 பருவங்களில் ஆறு தலைமைப் பயிற்சியாளர்களின் கீழ் ஆடி, ஒரு நாக்-அவுட் ஆட்டத்தைக்கூடக் காணாமலே ஓய்வுபெற்றார். முத்தெடுக்கத் தெரிந்தவர்களுக்கு மாலை கோக்கத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தவரையில் பிழைகள் மூன்று வகைப்பட்டவை.

முதலாவது, ஒரே மனிதர் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவார் என்ற நம்பிக்கை. 2012-இல் நான்காவது தேர்வு இடத்தைக் கையில் வைத்திருந்த பிரவுன்ஸ், ஒரே ஓர் இடம் முன்னேறுவதற்காக மேலும் மூன்று தேர்வு இடங்களைக் கொடுத்து டிரென்ட் ரிச்சர்ட்சன் என்ற ஓட்டக்காரரைப் பெற்றது. அடுத்த பருவத்தின் இரண்டு ஆட்டங்கள் முடிந்ததுமே அவரை இண்டியானாபொலிஸ் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு முதல் சுற்று இடத்தை வாங்கியது. அந்த இடத்தோடு இன்னோர் இடத்தையும் சேர்த்துக் கொடுத்து, 2014-இல் ஜானி மேன்சியல் என்ற கல்லூரி நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தது. அவர் தொடக்க வீரராக ஆடியவை எட்டே ஆட்டங்கள், வென்றவை இரண்டு. 2016 மார்ச்சில் அவர் விடுவிக்கப்பட்டார். நான்கு தேர்வு இடங்களில் தொடங்கிய பண்டமாற்று, இறுதியில் வெறுங்கையில் முடிந்தது.

பொருளாதார அறிஞர்கள் கேட் மாசியும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் டிராஃப்ட் முறையை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஒரே ஆட்டநிலைக்கு அடுத்தடுத்துத் தேர்வான இருவரை ஒப்பிட்டால், முன்னவர் பின்னவரைவிடச் சிறப்பாக ஆடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 52 விழுக்காடுதான் என்று அவர்கள் கண்டனர். நாணயத்தைச் சுண்டிவிடுவதைவிடச் சற்றே மேலானது, அவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட வீரருக்காக அதிக விலை கொடுத்து முன்னேறுவதைவிட, சற்றுப் பின்வாங்கிக் கூடுதல் இடங்களைச் சேர்ப்பதே அறிவுடைமை என்பது அந்த ஆய்வின் சாரம். 2000-ஆம் ஆண்டில் 199-ஆவது இடத்தில் தேர்வான டாம் பிராடி, லீக் வரலாற்றின் மாபெரும் வெற்றியாளரானார். அதே டிராஃப்டில் 183-ஆவது இடத்தில் பிரவுன்ஸ் தேர்ந்தெடுத்த குவார்ட்டர்பேக்கை இன்று நினைவில் வைத்திருப்போர் அரிது. பிராடியைத் தவறவிட்டது குற்றமன்று. எல்லா அணிகளுமே அவரைத் தவறவிட்டன. யாராலும் உறுதியாகக் கணிக்க முடியாத ஒன்றைக் கணித்துவிட்டதாக நம்பி, அதற்கு விலையும் கொடுப்பதே குற்றம்.

இரண்டாவது பிழை, விதைத்த கையை அறுவடைக்கு முன்பே வெட்டுவது. 2016-இல் பொறுப்பேற்ற சாஷி பிரவுனும், பேஸ்பால் உலகில் புள்ளிவிவர முறையால் பெயர்பெற்ற பால் டிபொடெஸ்டாவும் அந்த ஆய்வின் வழியில்தான் நடந்தனர். பின்வாங்கிப் பின்வாங்கி எதிர்காலத் தேர்வு இடங்களைக் குவித்தனர். அதற்குக் கொடுத்த விலை கொடியது. இரண்டு பருவங்களில் அணி ஆடிய 32 ஆட்டங்களில் வென்றது ஒன்றே ஒன்று. 2017 டிசம்பரில் சாஷி பிரவுன் நீக்கப்பட்டார். களத்தில் தோற்ற பயிற்சியாளர் ஹூ ஜாக்சனோ நீடித்தார். பத்து மாதங்கள் கழித்து அவரும் போனார். குவித்துவைத்த இடங்களைக் கொண்டு அடுத்து வந்த நிர்வாகி, 2018-இல் பேக்கர் மேஃபீல்ட், டென்சல் வார்டு ஆகியோரைத் தேர்ந்தெடுத்தார். 2019 முடிவில் அவரும் வெளியேறினார்.

அந்த அணி 2020 பருவத்தில் 11 ஆட்டங்களில் வென்றது. பரம எதிரியான பிட்ஸ்பர்க் அணியை நாக்-அவுட் சுற்றில் 48-37 என வீழ்த்தியது. 1994 பருவத்துக்குப் பிறகு கிடைத்த முதல் நாக்-அவுட் வெற்றி அது. நட்டவர் ஒருவர், நீர் பாய்ச்சியவர் இன்னொருவர், கனியைப் பறித்தவர் மூன்றாமவர். ஒரே கை தொடர்ந்து பேணியிருந்தால் அந்த மரம் நிலைத்திருக்கக்கூடும்.

மூன்றாவது பிழையே மிகப் பெரியது. 2017 டிராஃப்டில் பிரவுன்ஸ் தன் 12-ஆவது தேர்வு இடத்தை ஹியூஸ்டன் அணிக்குக் கொடுத்தது. அந்த இடத்தில் ஹியூஸ்டன் தேர்ந்தெடுத்தவர் டெஷான் வாட்சன். பதிலுக்குக் கிடைத்த இடங்களில் ஒன்றால்தான் டென்சல் வார்டு வந்தார்; ஆகவே அந்தப் பண்டமாற்றை மோசமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தே ஆண்டுகளில், 2022 மார்ச்சில், அதே வாட்சனைப் பெறுவதற்காக மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று இடங்களையும் வேறு சில இடங்களையும் பிரவுன்ஸ் ஹியூஸ்டனுக்கே தாரைவார்த்தது. கூடவே ஐந்து ஆண்டுகளுக்கு முழு உத்தரவாதத்துடன் 23 கோடி டாலர் ஊதியம். அத்தகைய உத்தரவாதம் லீக் அதுவரை காணாதது.

அப்போது இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வாட்சன்மீது பாலியல் அத்துமீறல் புகார் கூறி உரிமையியல் வழக்குகள் தொடுத்திருந்தனர். அவர் அவற்றை மறுத்தார். டெக்சஸில் குற்றவியல் வழக்குப் பதிவாகவில்லை. பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. லீக் அவரை 11 ஆட்டங்களுக்கு விலக்கிவைத்து, 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு அடிப்படை ஊதியம் ஏறத்தாழ 10 லட்சம் டாலராக மட்டுமே வைக்கப்பட்டிருந்ததால், ஆட்டத்தடையால் அவர் இழந்த ஊதியம் சொற்பமே. தலைமுறைகளாக அணியைப் பின்தொடர்ந்த குடும்பங்கள் சில அன்றே விலகின. என் அண்டை வீட்டுப் பெரியவரின் மகள் அவர்களில் ஒருவர். தோல்வியைப் பொறுத்துக்கொண்ட அவரால் இதைப் பொறுக்க முடியவில்லை.

களத்திலும் பயனில்லை. முதல் மூன்று பருவங்களில் வாட்சன் ஆடியவை 19 ஆட்டங்கள் மட்டுமே. 2024 அக்டோபரில் குதிகால் தசைநார் அறுந்தது. சில மாதங்களில் மீண்டும் அறுந்தது. உத்தரவாத ஊதியத்தைத் தள்ளிவைக்கத் தள்ளிவைக்க, அது அடுத்த ஆண்டுகளின் உச்சவரம்பை விழுங்கியது. அவர் வருகைக்காக ஒதுக்கப்பட்ட மேஃபீல்டோ, பின்னர் டாம்பா பே அணியை 2023, 2024 ஆகிய இரு பருவங்களிலும் பிரிவு முதலிடத்துக்கு இட்டுச்சென்றார். 2024 ஜனவரியில் நாக்-அவுட் சுற்றில் பிரவுன்ஸை 45-14 என நசுக்கியது ஹியூஸ்டன். கிளீவ்லாந்திலிருந்து வந்த தேர்வு இடத்தையும் சேர்த்துக் கொடுத்து அது பெற்ற வில் ஆண்டர்சன் அன்று களத்தில் இருந்தார். இந்தப் பண்டமாற்று பொய்த்துப்போனதை 2025-இல் உரிமையாளர் ஜிம்மி ஹாஸ்லமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

வேறு வழியே இல்லையா என்று கேட்பவர்களுக்கு விடை பால்டிமோரில் இருக்கிறது. கிளீவ்லாந்திலிருந்த பழைய அணியின் நிர்வாகமும் வீரர்களும்தான் 1996-இல் அங்கு குடிபெயர்ந்து 'ரேவன்ஸ்' ஆயினர். தேர்வுப் பொறுப்பை ஏற்றவர் கிளீவ்லாந்தின் முன்னாள் வீரர் ஓஸி நியூசம். அவரது முதல் டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வான ஜொனாதன் ஆக்டன், ரே லூயிஸ் இருவருமே பின்னர் புகழரங்கில் நுழைந்தனர். ரேவன்ஸ் இருமுறை சூப்பர் பவுல் வென்றது. 1996 முதல் 2025 வரை அதன் தலைமைப் பயிற்சியாளர்கள் மூவர் மட்டுமே. ஹாஸ்லம் 2012-இல் பிரவுன்ஸை வாங்கியபின் முதல் பத்தாண்டுக்குள் அங்கு பொறுப்பு வகித்தோர், இடைக்காலப் பயிற்சியாளரையும் சேர்த்தால், எழுவர்.

அப்படியானால் பிரவுன்ஸ் ஏன் திருந்தவில்லை? திருந்தியாக வேண்டிய நெருக்கடி அதற்கு இல்லை என்பதே என் விடை. ஐரோப்பியக் கால்பந்தில் தொடர்ந்து தோற்கும் அணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். இங்கே அப்படி ஒரு தண்டனை கிடையாது. தேசியத் தொலைக்காட்சி வருவாய் 32 அணிகளுக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. ஹாஸ்லம் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கிய அணியின் சந்தை மதிப்பு, தோல்விகளுக்கு இடையிலும் பன்மடங்கு ஏறியிருக்கிறது. வீழ்ந்தவரைத் தாங்கும் ஏற்பாடு, வீழ்ந்தே கிடப்பவருக்கு மெத்தையாகிவிட்டது.

பிழையின் விலையை வேறு யாரோ செலுத்துகிறார்கள். நகருக்கு வெளியே புரூக் பார்க்கில் கூரையிட்ட புதிய அரங்கம் அமைக்க அணி திட்டமிட்டது. 2025-இல் ஓஹியோ அரசு, உரிமை கோரப்படாமல் கிடக்கும் பொதுமக்கள் பணத்திலிருந்து 60 கோடி டாலரை அதற்கு ஒதுக்கச் சட்டம் செய்தது. மறந்துபோன வங்கிக் கணக்குகளிலும் வாங்கப்படாத ஊதியங்களிலும் தேங்கிய பணம் அது. பொதுப்பணத்தைக் கேட்கும் உரிமை ஓர் அணிக்கு உண்டென்றால், அதன் முடிவுகளைக் கேள்வி கேட்கும் உரிமை பொதுமக்களுக்கும் உண்டு. குறைந்தபட்சம், வெற்றியையும் தோல்வியையும் பொருத்து உதவியின் அளவு மாறும் என்றாவது ஒப்பந்தம் இருந்திருக்க வேண்டும்.

அண்மையில் அந்தப் பெரியவரிடம் தொலைபேசியில் பேசினேன். அடுத்த டிராஃப்டில் யாரைத் தேர்வு செய்யலாம் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார். வழக்கம்போல் முதல் பெயர் ஒரு குவார்ட்டர்பேக். இவ்வளவுக்குப் பிறகும் நம்பிக்கையா என்று கேட்டேன். இந்த அணியை விட்டால் தமக்கு வேறு எந்த அணி இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அவர் என்னிடம் விடை எதிர்பார்க்கவில்லை. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அணியின் நிர்வாகிகள். அவர்களோ அவரைப் போன்றவர்கள் எங்கும் போய்விடமாட்டார்கள் என்ற துணிச்சலில்தான் இத்தனை காலமும் முடிவெடுத்து வந்திருக்கிறார்கள்.