வண்டிக்கு எந்தக் கம்பி?

என் மாமா ஒருவர் பழைய வேன் வைத்திருக்கிறார். விடியுமுன் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போவது அவர் தொழில். ஒரு முறை முன்விளக்குகளைப் பழுது பார்த்தபோது 60 வாட் பல்புகள் இரண்டைப் புதிதாகப் போட்டார். வீட்டுக்கு ஒயரிங் செய்தபோது மீந்த ஒயர் ஒரு சுருள் கிடந்தது. நல்ல ஒயர்தானே, வீணாவானேன் என்று பாட்டரியிலிருந்து விளக்கு வரை அதையே இழுத்துவிட்டார். விளக்குகள் எரிந்தன, ஆனால் மஞ்சளாக, மங்கலாக எரிந்தன. ஒரு நாள் அதிகாலை, சாலையோரம் நின்ற டிராக்டர் டிரெய்லர் ஒன்று மிக அருகில் வந்த பிறகே அவர் கண்ணில் பட்டது. மயிரிழையில் தப்பினார்.

பல்பில்தான் கோளாறு என்று எண்ணிப் பல்பை மாற்றினார். பயனில்லை. பிறகு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு போனார். நானும் உடன் சென்றேன். எலெக்ட்ரீஷியன் பல்பைத் தொடவே இல்லை. விளக்கை எரியவிட்டு, வோல்ட்மீட்டரைப் பாட்டரியின் முனைகளில் வைத்தார். 12 வோல்ட் காட்டியது. அடுத்து விளக்கின் முனைகளில் வைத்தார், 10.4 வோல்ட்தான் காட்டியது. "பல்பு நல்லாத்தான் இருக்குண்ணே. ஒயர்தான் கரண்டைத் திங்குது" என்றார்.

ஒயர் எப்படித் தின்னும்? வீட்டில் ஒழுங்காக வேலை செய்த அதே ஒயர் வண்டியில் ஏன் பழுதானது? விடை நம் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது.

ஓம் சொன்ன கணக்கு

ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி நீங்கள் அறிந்ததே. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும். செம்பு சிறந்த கடத்திதான். எனினும் அதற்கும் சிறிது தடை உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பியின் தடை, 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஏறத்தாழ 0.0172 ஓம். நீளம் இரு மடங்கானால் தடையும் இரு மடங்காகும். பரப்பு இரு மடங்கானால் தடை பாதியாகும்.

மாமாவின் வேனில் பாட்டரியிலிருந்து விளக்குக்கு 5 மீட்டர் தொலைவு. போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. ஆக மொத்த நீளம் 10 மீட்டர். ஒயரின் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர். எனவே அதன் தடை 0.172 ஓம். இவ்வளவு சிறிய தடை என்ன செய்துவிடும் என்று தோன்றுகிறதல்லவா? பொறுங்கள். இரு பல்புகளும் சேர்ந்து 120 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். 10 ஆம்பியரை 0.172 ஓமால் பெருக்கினால் 1.72 வோல்ட். அவ்வளவும் வழியிலேயே போய்விடுகிறது! பல்புக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறைவதால் மின்னோட்டமும் சற்றுக் குறையும். ஆகவே உண்மையான இழப்பு 1.6 வோல்ட் அளவில் நின்றது. எலெக்ட்ரீஷியன் அளந்ததும் அதுவே.

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டில் மின்னழுத்தம் 230 வோல்ட். அங்கே 120 வாட் விளக்குக்கு அரை ஆம்பியருக்குச் சற்று அதிகமான மின்னோட்டமே போதும். அதே 10 மீட்டர் கம்பியில் இழப்பு 0.09 வோல்ட், 230இல் அது ஒரு பொருட்டே அல்ல. மின்னழுத்தம் குறைந்த இடத்தில், அதே திறனைப் பெற அதிக மின்னோட்டம் வேண்டும். அதிக மின்னோட்டத்துக்குப் பருத்த கம்பி வேண்டும். வண்டி ஒயரிங்கின் இரகசியம் இதுதான்.

1.6 வோல்ட் என்பது 12இல் 13 விழுக்காடு. வெளிச்சமும் 13 விழுக்காடுதான் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள். இழைப் பல்பில் மின்னழுத்தம் சிறிது குறைந்தாலும் இழையின் வெப்பநிலை தாழ்ந்து, ஒளி மிக விரைவாகக் குறையும். இங்கே ஐந்தில் இரண்டு பங்கு வெளிச்சம் போய்விட்டது. டிரெய்லர் கண்ணில் படாததற்குக் காரணம் தெரிகிறதா?

எந்த அளவு சரி?

விளக்குகளுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் இழப்புக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட். தேவையான பரப்பைக் காண எளிய வழி: 0.0172ஐ மொத்த நீளத்தாலும் மின்னோட்டத்தாலும் பெருக்கி, அனுமதிக்கும் வோல்ட் இழப்பால் வகுக்க வேண்டும். மாமாவின் வேனுக்கு இது 4.8 சதுர மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் அளவுகள் 1, 1.5, 2.5, 4, 6 என்று போகும். எப்போதும் விடைக்கு மேலுள்ள அளவையே வாங்க வேண்டும், ஆகவே 6.

ஆனால் எலெக்ட்ரீஷியன் 2.5 அளவையே எடுத்தார்! ஏன்? திரும்பி வரும் கம்பியை அவர் நீக்கிவிட்டார். வண்டியின் இரும்புச் சட்டத்தையே திரும்பும் வழியாக்கினார். பாட்டரியின் எதிர்முனை ஏற்கெனவே சட்டத்தோடு இணைந்திருக்கும். சட்டம் மிகப் பருமனானது. அதன் தடை மிகச் சிறிது. எனவே கம்பியின் நீளம் 5 மீட்டராகக் குறைந்தது. தேவையான பரப்பும் 2.4 ஆகப் பாதியானது. இணைக்கும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் பளபளவெனச் சுரண்டிய பிறகே அவர் போல்ட்டை முடுக்கினார். துரு இருந்தால் அங்கே புதிய தடை முளைத்துவிடும். கம்பியில் மிச்சப்படுத்தியது அங்கே செலவாகிவிடும்.

தீயும் ஃபியூஸும்

கம்பியில் இழந்த வோல்ட் எங்கே போகிறது? வெப்பமாகிறது. மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் வெப்பத்தின் அளவு கிடைக்கும் என்று 1841இல் ஜூல் காட்டினார். மாமாவின் ஒயரில் சுமார் 15 வாட் வெப்பம் பரவியது. 10 மீட்டரில் பரவியதால் ஆபத்தில்லை. ஆனால் காரை உயிர்ப்பிக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பாருங்கள். அது சில நொடிகளுக்கு 200 ஆம்பியர் அளவுகூட இழுக்கும். அந்த மின்னோட்டம் அதே மெல்லிய ஒயரில் பாய்ந்தால், ஒவ்வொரு மீட்டரிலும் 688 வாட் வெப்பம் எழும். ஏறத்தாழ ஓர் இஸ்திரிப் பெட்டியின் வெப்பம்! அதனால்தான் பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குச் செல்லும் கேபிள் விரல் பருமன் இருக்கிறது. 25 சதுர மில்லிமீட்டர் கேபிளில் மீட்டருக்கு 0.14 வோல்ட்தான் இழப்பு.

வீட்டு ஒயரின் சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்படுகிறது. எஞ்சின் அருகே ஏற்கெனவே வெப்பம் மிகுதி. பல ஒயர்களைக் கட்டாகச் சுற்றினால் உள்ளிருக்கும் ஒயரின் வெப்பம் வெளியேற வழியில்லை. உறை இளகினால் செம்பு சட்டத்தைத் தொடும், பல நூறு ஆம்பியர் பாயும், தீப்பற்றும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரி. தீ வைக்காது என்பது தவறு.

இதைத் தடுப்பது ஃபியூஸ். ஃபியூஸ் பல்பைக் காக்க வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது ஒயரை. ஆகவே ஃபியூஸின் அளவு விளக்கின் தேவையைவிட அதிகமாகவும், ஒயர் தாங்கும் அளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். அது பாட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். மாமாவின் வேனில் 15 ஆம்பியர் ஃபியூஸ் போடப்பட்டது. அடிக்கடி உருகுகிறதே என்று 30 ஆம்பியர் ஃபியூஸை மாட்டுகிறவர், காவலாளியைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போடுகிறார்.

இழைகள் ஏன்?

வண்டி ஒயரின் உறையைச் சீவிப் பார்த்தால், உள்ளே தலைமயிர் போன்ற பல மெல்லிய இழைகள் தெரியும். வண்டி ஓயாமல் அதிர்கிறது. ஒரே தடித்த கம்பியாக இருந்தால் அடிக்கடி வளைந்து களைத்து ஒரு நாள் முறிந்துவிடும். மெல்லிய இழைகள் நெளிந்து கொடுக்கும்.

ஒயரை வெளிப்புறத் தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள். உறை தடித்துச் செம்பு மெலிந்திருக்கலாம். 14/0.30 என்று குறித்திருந்தால், 0.30 மில்லிமீட்டர் விட்டமுள்ள 14 இழைகள் என்று பொருள். வட்டத்தின் பரப்புக் கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 1 சதுர மில்லிமீட்டர் வரும்.

வோல்ட்டைக் கூட்டினால்?

கம்பியைப் பருமனாக்காமல் மின்னழுத்தத்தைக் கூட்டலாமே என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. முன்பு பல கார்களில் 6 வோல்ட் பாட்டரியே இருந்தது. அமெரிக்காவில் விற்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1967ஆம் ஆண்டு மாடலில்தான் 12 வோல்ட்டுக்கு மாறியது. மின்னழுத்தம் இரு மடங்கானால் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதியாகும். அதே கம்பியில் இழப்பின் விழுக்காடு நான்கில் ஒன்றாகும். நீளமான கம்பிகள் தேவைப்படும் லாரிகளிலும் பேருந்துகளிலும் 24 வோல்ட் இருப்பது இதனாலேயே. 2023இல் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக் விளக்கு முதலிய துணைக் கருவிகளுக்கு 48 வோல்ட்டைப் பயன்படுத்துகிறது.

மாமாவின் வேனில் புது ஒயர் போட்ட அன்று அந்தி மயங்கியதும் விளக்கைப் போட்டுப் பார்த்தோம். அதே பல்புகள்தாம். எதிர்ச்சுவர் வெள்ளையாகப் பளிச்சிட்டது. மறுநாள் விடியுமுன் அவர் வழக்கம்போல் சந்தைக்குப் புறப்பட்டார்.

உங்களுக்கு ஒரு கணக்கு: டிராக்டரின் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து டிரெய்லரின் பின்விளக்குகளுக்கு 9 மீட்டர் தொலைவு. இரு பல்புகள், ஒவ்வொன்றும் 21 வாட். போகவும் வரவும் தனித்தனிக் கம்பி. இழப்பு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கடையில் எந்த அளவு ஒயரைக் கேட்பீர்கள்?

(விடை: மின்னோட்டம் 3.5 ஆம்பியர், தேவையான பரப்பு 3.01; எனவே 4 சதுர மில்லிமீட்டர்.)