துருவக் கப்பலும் தோட்டத்துப் பிள்ளைகளும்

சிறுவர்க்கென எழுதப்பெற்ற நூலைப் பெரியோர் கையிலெடுத்தல் தகாது என்றொரு எண்ணம் நம்மவரிடையே உண்டு. வில்லியம் கிரில் என்னும் ஆங்கில ஓவியர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஷாக்கிள்டனின் பயணம்' என்ற படநூலைப் புரட்டியவர்கள் அவ்வெண்ணத்தைக் கைவிட்டுவிடுவர். வண்ணப் பென்சிலால் தீட்டிய ஓவியங்கள். சொற்களோ மிகச் சில. மறு ஆண்டே அது கேட் கிரீனவே பதக்கத்தைப் பெற்றது. அப்போது அவருக்கு வயது 25தான்.

நுவரெலியாப் பகுதியில் தோட்டப் பாடசாலை ஆசிரியனாகிய நான், அந்நூலை என் மாணவர்க்குத் தமிழில் சொல்ல முற்பட்டேன். கதை சுருக்கமானது. 1914இல் தென்துருவக் கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட 'எண்டியூரன்ஸ்' கப்பல், 1915 ஜனவரியில் வெடல் கடலின் பனிப்பாளங்களிடையே சிக்கி, அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் மூழ்கிற்று. பனிமேல் குடியிருந்தும் படகில் அலைந்தும் 28 பேர் யானைத் தீவை அடைந்தனர். அங்கிருந்து ஷாக்கிள்டனும் ஐவரும் சிறு படகொன்றில் ஏறத்தாழ 800 கடல்மைல் கடந்து தெற்கு ஜோர்ஜியாவிற்குச் சென்று உதவி தேடினர். 1916 ஆகஸ்ட் 30ஆம் நாள் எஞ்சிய 22 பேரும் மீட்கப்பட்டனர். அக்கப்பலில் சென்றவருள் ஒருவரும் மாளவில்லை. (கண்டத்தின் மறுகரைக்குச் சென்ற துணைக்குழுவில் மூவர் மாண்டனர், அது தனியே சொல்லத்தக்க கதை.) மூழ்கிய கப்பலை 2022 மார்ச்சில் 3,008 மீற்றர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள்.

கதை சொல்வது எளிதாயிருந்தது, சொல்தான் தடுக்கிற்று. தமிழில் விடியலில் புல்லில் நிற்பதும் பனி, மலையை மூடுவதும் பனி, துருவத்தில் கப்பலை நொறுக்கியதும் பனி! முன்பனி, பின்பனி என்று பருவத்தைப் பகுத்த நம் முன்னோர்க்குக் கடல் உறைவதைக் காணும் தேவை நேரவில்லை. ஆயினும் எம் பிள்ளைகள் உறைபனியை அறியாதவரல்லர். தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில், பள்ளத்தாக்கில் குளிர் தேங்கித் தேயிலைச் செடிமேல் வெள்ளை படியும். வெயில் ஏறியதும் கொழுந்து கருகும். ஆகவேதான் ஒரு சிறுமி, "சேர், வெயில் பட்டதும் கப்பல் பலகையும் கருகிப்போச்சா?" என்று வினாவினாள். பனி கருக்கவில்லை, நெருக்கியது என்பதை விளக்க இரண்டு கரும்பலகைத் துடைப்பங்களுக்கிடையே ஒரு தீப்பெட்டியை வைத்து நசுக்கிக் காட்ட வேண்டியதாயிற்று.

பென்குவினைப் பென்குவின் என்றே விட்டுவிட்டேன். சீல் என்னும் விலங்கைக் 'கடல்நாய்' என்று அகராதி வழி நின்று சொன்னதால் ஒரு குழப்பம் விளைந்தது. கப்பலில் ஏற்கெனவே 69 நாய்கள் இருந்தன அல்லவா? அவற்றை ஒவ்வொன்றாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதியிருக்கிறார் ஓவியர். சாம்சன், ஹேர்க்கியூலிஸ், சாலி என வரிசை நீள்கிறது; ஷேக்ஸ்பியர் என்றொரு நாயும் உண்டு. இலக்கிய ஆசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக. உணவு தீர்ந்தபின் அந்நாய்களைச் சுட்டுக்கொன்றார்கள் என்பதையும் நான் மறைக்கவில்லை. வகுப்பு சிறிது நேரம் பேசவில்லை.

பின் ஒரு பையன் கேட்டான்: "எங்க பாட்டன் பூட்டன் வந்ததுக்கு இப்பிடிப் புத்தகம் இருக்கா சேர்?"

இல்லை என்றுதான் சொல்ல நேர்ந்தது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்கள் அவனுடைய முன்னோர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் விழுந்தவர் ஏராளம். துருவத்திற்குச் சென்ற நாய்க்குப் பெயர் தெரிகிறது. அப்பாதையில் புதையுண்ட மனிதர்க்குத் தெரியவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலையகத்து நாட்டார் பாடல்களைத் திரட்டித் தந்தார். 2023இல் இருநூறாண்டு நிறைவையொட்டிப் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே திசையில் நடந்தனர். ஆய்வு நூல்களும் உண்டு. ஆனால் பத்து வயதுப் பிள்ளை மடிமேல் விரித்துப் பார்க்கத்தக்க படநூலை நான் கண்டதில்லை. வண்ண அச்சுக்குச் செலவு மிகும் என்பர் பதிப்பாளர். கிரிலின் பக்கங்களிற் பல வெறும் வெண்மை. நடுவே ஓர் எறும்பளவு கப்பல். அத்தகைய பக்கத்திற்கு வண்ணம் எவ்வளவு வேண்டும்?

பயணிகள் கொண்டுசென்ற பொருள்களையெல்லாம் கிரில் வரிசையாக வரைந்து காட்டுவதுபோல், மன்னாரிலிருந்து நடந்தவர்கள் என்னென்ன சுமந்திருப்பார்கள் என்று வீட்டில் வினவி வரைந்துவரச் சொன்னேன். சட்டி, அரிசி மூட்டை, கம்பளி, குலதெய்வத்துப் பிடிமண், வெற்றிலைப்பை, துணியில் கட்டிய குழந்தை எனத் தாள்கள் வந்தன. ஒருவன் ஒரு நாயையும் வரைந்து, அதன் கீழ் 'மணி' என்று எழுதியிருந்தான். அதன் பக்கத்தில் நின்ற மனிதனின் கீழ் இடம் விட்டிருந்தான். பாட்டியைக் கேட்டுவந்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான்.