புள்ளி தவறினால் மீன் தவறும்

தூண்டில் என்றவுடன் நம் கண்முன் நிற்பது, குளக்கரையில் சிறுவன் பிடித்திருக்கும் முழு மூங்கிற் கழிதான். அதில் மூட்டும் இல்லை, பூணும் இல்லை. ஆனால் ஒன்பது அடிக் கழியுடன் ரயில் வண்டியில் ஏறுவது சுலபமா? ஆகையால்தான் வெளியூர் சென்று மீன் பிடிப்போர், மூன்று நான்கு துண்டுகளாகப் பிரிந்து பைக்குள் அடங்கும் கோலை விரும்புகிறார்கள்.

இக்கோலின் சரித்திரத்தில் பாரத தேசத்துக்கும் பங்குண்டு என்பதை நேயர்களில் பலர் அறிந்திரார். அமெரிக்காவில் ஈஸ்டன் என்னும் ஊரில் துப்பாக்கியும் பிடிலும் செய்துவந்த ஸாமுவேல் பிலிப் என்பவர், 1840-களில் மூங்கிலைக் கீற்றுகளாகச் சீவி, ஒட்டிக் கோல் செய்தார். பிறகு 1870-களில் ஹைரம் லியோனார்டு என்பவர் ஆறு கீற்றுக் கோல்களை விற்பனைக்காகச் செய்யலானார். அக்காலத்துத் தொழிலாளர் வாங்கிய மூங்கிலுக்குக் 'கல்கத்தா மூங்கில்' என்றே பெயர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் தென் சீனத்து மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது.

மூங்கில் நம்முடையது, அளந்து சீவிய பொறுமை அவர்களுடையது. அப்பொறுமை நன்கு விளங்கும் இடம், இரு துண்டுகள் கூடும் மூட்டாகும். ஒரு துண்டின் முனையில் குழாய் போன்ற உலோகப் பூண். மற்றதன் முனையில் அதனுள் நுழையும் பூண். இவை ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தப்பட்டவை. வேறு கோலின் துண்டை அதில் செருகினால் இறுகிக்கொள்ளும், அல்லது ஆடும். எது எதனுடன் சேரும், எந்தப் பக்கமாகச் சேரும் என்பதைக் காட்டவே மூட்டின் இருபுறமும் சிறு புள்ளிகள் இடுகிறார்கள்.

புள்ளிகள் நேராக நில்லாவிட்டால் என்ன நஷ்டம்? நூல் செல்லும் வளையங்கள் ஒரே வரிசையில் இரா. நூல் கோணலாக உரசி ஓடும். வீச்சின் தூரம் குறையும். பெரிய மீன் இழுக்கும்போது கோல் முறுக்கிக்கொண்டு மூட்டு தளரும். அந்தக் கணத்தில் மீனும் போகும், கோலும் போகும்.

புள்ளி இல்லாத கோலுக்கு நாமே இட்டுக்கொள்ளலாம். முதலில் மெல்லிய நுனித் துண்டுகளைச் சேர்த்து, பிறகு பருத்தவற்றுடன் இணைக்க வேண்டும். பிடியைக் கண்ணருகே வைத்து, ஒரு கண்ணை மூடி நோக்கினால் வளையங்களின் கோணல் தெரியும். அதைச் சரிசெய்தபின், மூட்டின் இருபுறமும் வளையங்களுக்கு நேராகக் கடுகளவு நகப்பூச்சு வைத்து உலரவிடுக. கத்தியால் கீறுவது கூடாது. கீறிய இடமே முறியும் இடமாகும்.

உலோகப் பூண் உள்ள மூங்கிற்கோலைத் திருகாமல் நேராகச் செருகி, நேராகவே இழுக்க வேண்டும். இக்காலத்துக் கார்பன் இழைக் கோலில் பூண் இல்லை. ஒரு துண்டின் மேல் மற்றது உறைபோல் ஏறும். புள்ளிகளைச் சற்று விலக்கி வைத்து, மெல்லத் திருகியவாறே தள்ளி நேர்ப்படுத்தினால் நன்றாகப் பிடிக்கும். எவ்வகைக் கோலாயினும் வளையத்தைப் பிடித்துத் திருகலாகாது. பலமுறை வீசியபின் மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொள்வதும் அவசியம்.

மூங்கில் இன்றும் நம் காடுகளில் வளர்கிறது. அதை அளந்து, சீவி, குறியிட்டுச் சேர்க்கும் சிரத்தையை நம் பிள்ளைகள் கற்றால், பச்சைச் சரக்கை மட்டும் கப்பலேற்றும் தேசமாக நாம் இருக்க வேண்டியதில்லை.