கேரி பேக்கை மண்ணே தின்னுமா? பரங்கிப்பேட்டை ஆய்வு சொன்னது என்ன?

மேல்பட்டாம்பாக்கத்தில் சாலையோரம் வீசுற கேரி பேக், மண்ணுக்குள்ள போனா மக்கிடுமா? அதே கடலூர் மாவட்டத்தின் பரங்கிப்பேட்டையில் இதற்கு விடை தேடியவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கதிரேசன். அலையாத்திக் காடுகளை நீண்டகாலம் ஆராய்ந்தவர்.

பாலித்தீன் பை, பிளாஸ்டிக் கப் இரண்டையும் அலையாத்தி மண்ணில் வைத்துப் பார்த்தார். 2003-ல் வெளியான முடிவுப்படி, 9 மாதத்தில் பை சிதைந்தது அதிகபட்சம் 4.21%. கப் வெறும் 0.25%.

அவ்ளோதானா? இல்லை. அவற்றில் ஒட்டியிருந்த நுண்ணுயிரிகளைப் பிரித்து ஆய்வகத்தில் வளர்த்தபோது, 'ஆஸ்பெர்ஜில்லஸ் கிளாக்கஸ்' என்ற பூஞ்சை ஒரே மாதத்தில் பாலித்தீனை 28.80% சிதைத்தது. 'சூடோமோனாஸ்' பாக்டீரியா 20.54%.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இது குடுவையைக் குலுக்கிக்கொண்டே வளர்த்த கணக்கு. ஊர்க் குப்பைமேட்டுக்கு நெருக்கமானது அந்த 4.21%தான்.