அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு!

பாரிமுனையில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் நான். எந்தச் சந்தில் நுழைந்தால் பீச் ஸ்டேஷனுக்குச் சீக்கிரம் போகலாம், எந்தக் கடையில் டீ டீயாக இருக்கும், மாசக் கடைசியில் எந்த மெஸ்ஸில் கடன் சொல்லலாம்... எல்லாம் அத்துப்படி. அந்தத் தைரியத்தில்தான், கம்பெனி வேலையாக ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை மானேஜர் என் தலையில் கட்டினார்.

காரை விட்டு இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எம்டன் குண்டு விழுந்த இடம் எது?"

எனக்குத் தெரிந்த ஒரே எம்டன் எங்கள் மானேஜர்தான். ஆபீஸில் அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. மூன்று மணி பர்மிஷனுக்கு நாம் வாயைத் திறப்பதற்குள், 'பாட்டியா, பெரியம்மாவா?' என்று கேட்டுவிடும் ஆசாமி. அந்தப் பெயருக்கு ஒரு கப்பல் காரணம் என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. "அது... ரிப்பேர்ல இருக்கு சார்" என்று சமாளித்தேன்.

அதோடு விட்டாரா? ஆர்மீனியன் தெருவில் நின்று, தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்றார். அரண்மனைக்காரன் தெரு என்று படித்து, அர்த்தமும் சொன்னேன். "அரண்மனை எங்கே?"

"இங்கே ஒரு ராஜா இருந்தார். இடிச்சுட்டாங்க."

"ராஜா பெயர்?"

"சின்ன ராஜா சார். பெயர் வைக்கிற அளவுக்கெல்லாம் இல்லை."

பாவம், அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. பதினோரு வருஷம்! மறுநாள் டெஸ்பாட்ச் தம்பியிடம் புலம்பியபோது, "சார், ஞாயித்துக்கிழமை காலையில ஹெரிடேஜ் வாக்னு கூட்டிட்டுப் போறாங்க. நம்ம ஏரியாதான். 300 ரூபாய்" என்றான்.

"நடக்கறதுக்குக் காசா? டாக்டர் ஓசியிலேயே நடக்கச் சொல்றாரேப்பா!" என்றேன். ஆனாலும் போனேன்.

ஞாயிறு காலை ஆறரை மணி. ஹைகோர்ட் பக்கம் நாங்கள் இருபது பேர். வழிகாட்டி, பாங்க்கில் ரிட்டயர் ஆனவர். கதர்ச் சட்டை, கான்வாஸ் ஷூ, கையில் பழைய மேப்பின் ஜெராக்ஸ். மைக் கிடையாது. தேவையும் இல்லை, பாரிமுனை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே கிடையாது.

முதலில் எம்டனைத்தான் காட்டினார். 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் போர்க்கப்பல் கடலில் நின்றபடி சென்னை மேல் குண்டு போட்டது. துறைமுகம் பக்கமிருந்த எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. ஒரு குண்டு ஹைகோர்ட் சுற்றுச்சுவரில். அதற்கான கல்வெட்டு இன்றும் சுவரில் இருக்கிறது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்களாம். கப்பல் போய்விட்டது, பெயர் மட்டும் தமிழில் தங்கி, கடைசியில் எங்கள் மானேஜர் தலையில் இறங்கிவிட்டது.

"அந்தக் கப்பல்ல நம்ம செண்பகராமன் பிள்ளை இருந்தாராமே?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"எல்லாரும் சொல்றாங்க சார். ஆதாரம் கிடையாது. ஆசைப்படறதும் சரித்திரமும் வேற வேற" என்றார் வழிகாட்டி. அப்போதே 300 ரூபாய் ஜீரணமாகிவிட்டது.

பிறகு சொன்னதுதான் என்னை உலுக்கியது. நாங்கள் நின்றிருந்த இடத்தில் ஒரு காலத்தில் ஒரு ஊரே இருந்ததாம். கோட்டைக்கு வடக்கே நெசவுக்காரர்களும் வியாபாரிகளும் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1758ல் திரும்ப வந்து முற்றுகை போட்டார்கள். வீடுகள் எதிரிக்கு மறைவாகின்றன, பீரங்கிக்குக் குறுக்கே நிற்கின்றன என்று வெட்டவெளியாக்கிவிட்டார்கள். கோயிலும் தப்பவில்லை. அதற்குப் பதிலாக 1760களில் எழும்பியவைதான் பூக்கடைப் பக்கம் உள்ள சென்ன கேசவப் பெருமாள், சென்ன மல்லீஸ்வரர் இரட்டைக் கோயில்கள். ஹைகோர்ட்டின் சிவப்புக் கட்டடம் வந்தது 1892ல்.

'இதற்கு மேல் யாரும் வீடு கட்டி முன்னே வரக்கூடாது' என்று எல்லை காட்ட 1773ல் ஆறு தூண்கள் நட்டார்கள். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. எங்கே? டேர் ஹவுஸ் ஓரத்தில்! எத்தனை நாள் அந்தப் பக்கம் நின்று பஸ்ஸைத் திட்டியிருப்பேன். ஏதோ பழைய கல் என்றுகூட நினைத்ததில்லை. அதாவது, நினைக்கவே இல்லை.

அடுத்தது என் 'ராஜா' வீற்றிருந்த தெரு.

"ஆர்மீனியன்கிற பேர் நம்ம ஜனங்க வாயில நுழையலை. அரண்மனைக்காரன்னு ஆக்கிட்டாங்க. அரண்மனையும் இல்லை, ராஜாவும் இல்லை" என்றார். நான் ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்துகொண்டேன். அன்றைக்குப் போட்டிருந்தது செருப்பு.

உள்ளே 1772ல் கட்டிய ஆர்மீனியன் சர்ச். வாசலைத் தாண்டினால் செம்பருத்தியும் நிழலும், தரையெல்லாம் கல்லறைகளும். இரண்டு மகன்களைப் பறிகொடுத்து, ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்த ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் இங்கேதான் தூங்குகிறார். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794ல் நம்ம சென்னையில் அச்சடித்தவர் அவர். பதினெட்டு இதழோடு நின்றுவிட்டது. (பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொள்ளும் வழக்கத்துக்கு வயது 200க்கு மேல்!)

இன்னொரு ஆர்மீனியர், உஸ்கான். பெரிய வியாபாரி. 1726ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் சொந்தக் காசில் பாலம் கட்டினார். பறங்கிமலைக்குப் படிக்கட்டும் அவர் உபயம். பழைய பாலம் போய் இப்போது அங்கே இருப்பது மறைமலையடிகள் பாலம். தினம் அதில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு முன்னால் இருப்பவனைத் திட்டும் சகோதரர்களே, ஒரு நாள் உஸ்கானையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சந்து. பெயர் வேண்டாம். திண்ணை, மரத்தூண், முற்றம் என்று ஒரு பழைய வீடு. எட்டிப் பார்த்தோம். ஒரு பாட்டி, "உள்ள வாங்க கண்ணு, வெளியிலயே நின்னா எப்படி?" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். தூண் ஒன்றில் பென்சில் கோடுகள். குழந்தைகளை நிற்க வைத்து உயரம் குறித்தவை. "இது என் வீட்டுக்காரர். ஆறு வயசுல" என்று ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். என் இடுப்பு உயரம்கூட இல்லை.

போன ஆகஸ்டில் மறுபடி போனேன். சந்து திரும்பியதும் பச்சை வலை. உள்ளே பள்ளம், கம்பி, ஜல்லி. பாட்டி மகனோடு அம்பத்தூர் பக்கம் போய்விட்டதாக எதிர்க்கடைக்காரர் சொன்னார். தூண்கள்? "வண்டியில ஏத்திட்டுப் போனாங்க சார்." குற்றம் சொல்ல மனசு வரவில்லை. ஒழுகும் கூரையோடு குடியிருந்தது அவர்கள். சொம்புத் தண்ணீர் குடித்து ரசித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். வழிகாட்டி மட்டும் பள்ளத்துக்கு முன்னால் நின்று, வழக்கம் போல அந்த வீட்டைப் பற்றி முழுசாகச் சொல்லி முடித்தார். புதிதாக வந்தவர்கள் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்களும் போவதாக இருந்தால் ஆகஸ்ட் நல்ல மாசம். சென்னைக்கு அஸ்திவாரம் போட்ட நாள் என்று 1639 ஆகஸ்ட் 22ஐச் சொல்கிறார்கள். அதை 'மெட்ராஸ் டே' என்று கொண்டாடும் வழக்கத்தை 2004ல் எஸ். முத்தையாவும் நண்பர்களும் ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில் மயிலாப்பூர், கோட்டை, ஜார்ஜ் டவுன் என்று நடைப் பயணங்கள் நிறைய. சிலவற்றுக்குக் காசே கிடையாது. இருபது பேருக்கு மேல் என்றால் யோசியுங்கள், பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. எல்லாக் கட்டடத்திலும் சுரங்கப்பாதையும் பேயும் இருப்பதாகச் சொல்கிற வழிகாட்டியிடம் கும்பிடு போட்டுவிட்டு டிபனுக்குப் போய்விடலாம். 'அதற்கு ஆதாரம் இல்லை' என்று ஒரு தடவையாவது சொல்கிறவரை விடாதீர்கள். ஞாயிறு விடிகாலைதான் சரியான நேரம். மற்ற நாளில் ஜார்ஜ் டவுனில் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தால், தள்ளுவண்டி காலில் ஏறிவிடும். பழைய அழகெல்லாம் அங்கே முதல் மாடிக்கு மேலேதான்.

ஜெர்மன்காரருக்கு மெயில் போட்டேன். ராஜா இல்லை, மன்னிக்கவும் என்று. 'தெரியும். ஹோட்டலுக்குப் போனதுமே படித்துவிட்டேன்' என்று பதில் வந்தது. மனுஷன், அவர் அல்லவா எம்டன்!

அந்த மெயிலின் காப்பி மானேஜருக்கும் போயிருக்கிறது. கூப்பிட்டு விசாரித்தார். "நல்லாயிருக்கேப்பா! அடுத்த ஞாயிறு நானும் வரேன். எனக்கும் சேர்த்துப் பேர் கொடுத்துடு" என்றார்.

கொடுத்திருக்கிறேன். ஹைகோர்ட் கல்வெட்டுக்கு முன்னால், எம்டன் என்ற வார்த்தையைத் தமிழன் எதற்கெல்லாம் உபயோகிக்கிறான் என்று விளக்கம் வரும்போது, கூட்டத்தின் கடைசியில் நின்றுகொள்வதாக உத்தேசம். ஷூ லேஸ் வைத்த ஷூவும் வாங்கிவிட்டேன்.