குட்டி யானைக்கு மூச்சு வாங்குகிறதா? பிளக்கைப் பாருங்கள்!

அதிகாலை மூன்று மணி. வாழை இலைக் கட்டுகளையும் காய்கறி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குக் கிளம்புகிறது ஒரு குட்டி டிரக். அன்று முகூர்த்த நாள். காலை ஏழு மணிப் பந்திக்குள் இலை மண்டபத்தில் இருக்க வேண்டும். கல்லாறு வரை வண்டியில் ஒரு குறையும் இல்லை. மலை ஏற ஆரம்பித்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி குலுங்குகிறது. டப் டப்பென்று விட்டுவிட்டு அடிக்கிறது. கியரைக் குறைத்தாலும் இழுவை இல்லை. மீட்டர் பலகையில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு கண்சிமிட்டுகிறது. பர்லியாரைத் தொடுவதற்குள் ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது.

விடிந்ததும் பைக்கில் வந்த மெக்கானிக் தம்பி கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்கண்ணா, பிளக்கு மாத்தி எத்தனை நாளாச்சுங்க?"

"வண்டி எடுத்து ரெண்டு வருசமாச்சு தம்பி. அதுல ஒருக்காகூட கை வைக்கல. நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?"

பெட்ரோல், சி.என்.ஜி. டிரக் வைத்திருக்கும் பலரும் சொல்லக்கூடிய பதில்தான் இது. 'நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு' என்பதில் பொய்யும் இல்லை. ஸ்பார்க் பிளக் ஒரே நாளில் சாவதில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. சமதளத்தில், பாரம் குறைவாக இருக்கும்போது அது தெரிவதே இல்லை. பாரத்தோடு மேடு ஏறும் அன்றுதான் காட்டிக்கொடுக்கிறது.

முதலில் ஒரு விஷயம். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை டீசல். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. அதில் இருக்கும் 'ஹீட்டர் பிளக்' குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புவதற்கு மட்டும்தான். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதுவும் டீசல்தான். 'குட்டி யானை' என்று பேர் வாங்கியது அந்த வண்டியே. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்ததை ஒட்டிச் சின்ன டிரக்குகள் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மாறத் தொடங்கின. மாருதி சூப்பர் கேரி தன் டீசல் இன்ஜினையே கைவிட்டது. டாடா ஏஸில் பெட்ரோல் ரகம் வந்தது. டீசல் ஓட்டிப் பழகிய கைகள் அப்படியே பெட்ரோல் வண்டிக்கு மாறின. ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாம் பழகிய வேலை. பிளக் மட்டும் புதிது. அதனால்தான் அது மறந்துபோகிறது.

இந்தச் சின்னப் பொருள் செய்யும் வேலையைக் கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,500 முறை பொறி விட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 90,000 பொறி! பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். இக்னிஷன் காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றி அனுப்புகிறது. பிளக்கின் நடு முனைக்கும் வளைந்த முனைக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அதைத் தாண்டிக் குதிப்பதுதான் பொறி. ஒவ்வொரு குதியிலும் முனையின் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரைகிறது. முனை மழுங்க மழுங்க இடைவெளி அகலமாகிறது. அகலத்தைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அந்தக் கூடுதல் சுமை காயில் தலையில் விழுகிறது.

மேட்டில் ஏன் காலை வாருகிறது? ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அதிகமாகப் புகுந்து இறுக்கமாக அழுந்துகின்றன. நெரிசலான கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடுவது போல, அந்த அழுத்தத்தில் பொறி குதிப்பது கஷ்டம். புது பிளக் சமாளித்துவிடும். தேய்ந்த பிளக்கால் முடியாது. நாலு சிலிண்டரில் ஒன்று பற்றாமல் போனாலே கால்வாசி பலம் போச்சு.

எப்போது மாற்றுவது? வண்டியோடு வந்த கையேட்டில் அந்த ரகத்துக்கான கிலோமீட்டர் கணக்கு இருக்கும். அதுதான் முதல் கணக்கு. பொதுவாகச் சொன்னால், நிக்கல் முனை வைத்த சாதாரண பிளக்குகளுக்கு 30,000 முதல் 40,000 கிலோமீட்டர். இரிடியம், பிளாட்டினம் முனை வைத்தவை 1,00,000 கிலோமீட்டர் வரைகூடத் தாங்கும். இதைக் குடும்பக் கார் வைத்திருப்பவர் படித்தால், 'மூணு நாலு வருஷத்துக்குக் கவலை இல்லை' என்று புத்தகத்தை மூடிவிடலாம். வாடகை டிரக்கின் கதை வேறு. ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடினால் மாதத்துக்கு 3,000. வருஷத்துக்கு 36,000. அதாவது, சாதாரண பிளக்கின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருஷம்தான்! பர்லியாரில் நின்ற அந்த வண்டி ரெண்டு வருஷத்தில் 72,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

இன்னொன்றையும் கூட்ட வேண்டும். சந்தையில் லோடுக்காக வரிசையில் நிற்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் பிளக் பொறி விட்டுக்கொண்டேதான் இருக்கும். கிலோமீட்டரோ ஏறாது. தண்ணீர் கேன் போடும் வண்டி மாதிரி அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று கிளம்பும் வண்டிகளுக்கு வேறு தொல்லை. பிளக் முனை கிட்டத்தட்ட 450 டிகிரி சூடு தொட்டால்தான் அதில் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். சூடாவதற்குள் அணைத்துவிட்டால் கரி சேர்ந்துகொண்டே போகும். இப்படி ஓடும் வண்டிகளுக்குக் கையேட்டின் கணக்கை உச்ச வரம்பாக எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னதாகவே ஒரு முறை கழற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

சி.என்.ஜி.யில் ஓடும் வண்டிக்கு இது இன்னும் பொருந்தும். கேஸைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்ட் தேவை. ஆகவே இடைவெளி லேசாக அகன்றாலே கேஸில் குலுங்கும். பெட்ரோலுக்கு மாற்றினால் ஒழுங்காக ஓடும். 'கேஸ் கிட்டில் கோளாறு' என்று கிட்டைப் பிரித்து மேய்வதற்கு முன் பிளக்கைப் பார்த்துவிடுவது பர்ஸுக்கு நல்லது.

காலையில் வண்டி கிளம்ப நேரமாகிறது, நிற்கும்போது அதிர்கிறது, மைலேஜ் குறைகிறது, பிக்கப் இல்லை... தேய்ந்த பிளக்கின் அறிகுறிகள் என்று இவற்றைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், அதிர்வுக்கு இன்ஜின் மவுன்டிங் ரப்பர் காரணமாக இருக்கலாம். மைலேஜ் குறைவதற்கு டயரில் காற்று இல்லாதது காரணமாக இருக்கலாம். ஒரு சிலிண்டர் மட்டும் விட்டுவிட்டு அடித்தால் காயில்கூடப் போயிருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டிகளில் அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. சந்தேகப்படும் காயிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி காயில். மாறாமல் அதே இடத்தில் நின்றால் அடுத்து பிளக்கைப் பார்க்கலாம்.

கழற்றிய பிளக், டாக்டருக்கு நாக்கை நீட்டிக் காட்டுவது மாதிரி. முனை இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால் இன்ஜின் ஆரோக்கியம். கிலோமீட்டர் முடிந்திருந்தால் மாற்றினால் போதும். உலர்ந்த கறுப்புக் கரி அப்பியிருந்தால், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது குறுகிய தூர ஓட்டமாக இருக்கலாம். ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது என்று அர்த்தம். அதற்குப் புது பிளக் மருந்தல்ல. வெளுத்து, கொப்புளம் போட்டிருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகிறது. கேஸ் வண்டியில் மட்டும் பிளக் கொஞ்சம் வெளுப்பாக இருப்பது இயல்பு; கேஸ் எரியும்போது கரி குறைவு. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

நம் ஊரில் பிளக்குக்கு ஒரு தனி வைத்தியம் இருக்கிறது. கழற்று, உப்புத்தாளில் தேய், லேசாகத் தட்டி இடைவெளியைக் குறை, ஊது, மாட்டு! பழைய ஸ்கூட்டர் காலத்திலிருந்து வரும் பழக்கம். வழியில் நின்றுபோன வண்டியை வீடு கொண்டுவந்து சேர்க்க இது உதவும். அதை மறுக்க முடியாது. ஆனால், மழுங்கிப்போன முனைக்குத் தேய்ப்பதால் உலோகம் திரும்ப முளைக்காது. கூர்மையான விளிம்பிலிருந்துதான் பொறி சுலபமாகக் கிளம்பும். இரிடியம் பிளக்கின் ஊசி முனையில் கம்பி பிரஷ் போட்டால் இருந்த ஆயுளும் போய்விடும். சாதாரண பிளக் ஒன்று சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்போது, தேய்த்துப் போட்டதையே மூன்றாவது முறையும் தேய்ப்பது சிக்கனம் ஆகாது.

உண்மையான செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. பற்றாமல் போன பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குள் போகிறது. அங்கே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற அமைப்பு. எரியாத பெட்ரோல் அதற்குள் எரிந்தால் சூட்டில் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். மாற்றப் பல்லாயிரம் ரூபாய் ஆகும். இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும். கண்சிமிட்டினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பாக ஓரங்கட்டுவதுதான் சரி. 'எப்படியாவது மேல ஏறிடலாம்' என்று மிதித்தால் இலை போய்ச் சேரலாம், கன்வெர்ட்டர் போய்விடும்.

தள்ளிப் போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதற்குப் பிக்கப் டிரக்குகளின் தாய்வீடான அமெரிக்காவில் பேர்போன உதாரணம் இருக்கிறது. 2004 முதல் 2008 வரையிலான ஃபோர்டு எஃப்-150 டிரக்குகளில் வந்த 5.4 லிட்டர், மூன்று வால்வு 'டிரைட்டன்' இன்ஜின் அது. அதன் பிளக்குகளுக்கு 1,00,000 மைல், அதாவது சுமார் 1,60,000 கிலோமீட்டர் ஆயுள் என்றார்கள். அந்த பிளக் இரண்டு துண்டாகச் செய்து இணைத்தது; கீழ்ப்பகுதி நீளமான குழாய் மாதிரி இருக்கும். வருஷக்கணக்கில் அதைச் சுற்றிக் கரி இறுகிப் பசை போட்டதுபோல் பிடித்துக்கொண்டது. மாற்றப் போனபோது மேல் பாதி கையோடு வந்தது. கீழ்ப் பாதி இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிட்டது! எப்படிக் கழற்ற வேண்டும் என்று கம்பெனியே பணிமனைகளுக்குத் தனி அறிவிப்பு அனுப்ப வேண்டியிருந்தது. உடைந்த துண்டை இழுக்கத் தனிக் கருவியே விற்பனைக்கு வந்தது. நம் ஊர் வண்டிகளில் அந்த ரகப் பிளக் இல்லை. ஆனால், அலுமினிய ஹெட்டில் வருஷக்கணக்காகத் தொடாமல் கிடக்கும் எந்தப் பிளக்கும் மரையோடு இறுகிக்கொள்ளக்கூடியதுதான்.

சாதாரணமா, இரிடியமா? விலை சில மடங்கு அதிகம். ஆயுளும் ஏறக்குறைய அதே மடங்கு. வருஷத்துக்கு 36,000 ஓடும் வண்டிக்கு, ஒவ்வொரு முறையும் கூலி கொடுத்து ஒரு நாள் வாடகையை இழப்பதற்குப் பதில், கையேடு அனுமதிக்கும் இரிடியம் பிளக் லாபம்தான். ஆனால், ஆயில் குடிக்கும் பழைய இன்ஜினில் போடாதீர்கள். விலை உயர்ந்த பிளக்கும் அதே எண்ணெயில்தான் ஊறும். எதை வாங்கினாலும் கையேட்டில் உள்ள எண்ணையே வாங்க வேண்டும். அந்த எண்ணுக்குள் மரையின் நீளமும் சூடு தாங்கும் அளவும் அடக்கம். போலி பிளக்குகள் நிறைய உலவுகின்றன. தெரிந்த கடையில் பில்லோடு வாங்குவது நல்லது.

குட்டி டிரக்குகளில் இருக்கையைத் தூக்கினால் இன்ஜின் தெரியும் என்பதால் தாங்களே மாற்றுபவர்களும் உண்டு. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கழற்றும் முன் பிளக் குழியில் இருக்கும் மண்ணைக் காற்றடித்து எடுக்காவிட்டால் அது நேராகச் சிலிண்டருக்குள் விழும். புது பிளக்கை முதல் சில சுற்றுக்குக் கையால்தான் திருக வேண்டும். கோணலாக ஏறினால் அலுமினிய மரை போய்விடும். கையால் இறுகியபின் ஸ்பேனரில் அரைச் சுற்றுக்குச் சற்று மேல் போதும். பலம் காட்டும் இடம் இது இல்லை.

பர்லியாரில் மெக்கானிக் தம்பி நாலு பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி பேப்பரில் வைத்தார். மூன்றில் முனை மழுங்கி இடைவெளி அகன்றிருந்தது; நிறம் மட்டும் நல்ல பழுப்பு. நாலாவது கறுத்து, எண்ணெய் மினுங்கியது.

"புதுசு நாலும் போட்டுட்டேனுங்ணா. மேல ஏறிடும். ஆனா நாலாவதுல ஆயில் வருதுங்க. அஞ்சாயிரம் ஓட்டிட்டு வாங்க, மறுக்காவும் கழட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்."

அதற்குள் இலைக் கட்டு வேறு வண்டியில் ஏறிப் போயிருந்தது. அந்த வாடகையும் இவர் கையைவிட்டுத்தான் போனது. வாடகைக் கணக்கு எழுதும் நோட்டைப் புரட்டி, பின்னட்டையில் அன்றைய தேதியையும் மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும் எழுதினார் அந்த ஓட்டுநர். கீழே, '4-வது, ஆயில்' என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டுக்கொண்டார்.