எளிய வியூகமும் அரிய வியூகமும்

பழங்காலத்து அரசர் படை நடத்தியதையும், கோட்டை கட்டியதையும், வாணிகம் வளர்த்ததையும் கணினித் திரையில் ஆடிப் பார்க்கும் விளையாட்டுகள் இன்று பல உள்ளன. இவற்றை வரலாற்று வியூக விளையாட்டுகள் என்பர். இவற்றுட் சில ஒரு மாலைப்பொழுதிற் கற்றுக்கொள்ளத் தக்கவை. வேறு சில, பல வாரங்கள் பயின்றாலும் முற்றும் பிடிபடாதவை. மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் மாணவர் ஒருவர் இவற்றுள் எதனைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்? விதிகள் மிகுந்த விளையாட்டே அறிவு மிகுந்த விளையாட்டு என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் சரியோ என்று உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற உரைகல் அக்கரையிலேயே இருக்கின்றது. அதுதான் புளியந்தீவிலுள்ள கோட்டை.

இக்கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிற் கட்டினர். அவர்களை நாட்டைவிட்டு அகற்ற விரும்பிய கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன், 1636இல் பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்குத் தூதனுப்பித் துணை வேண்டினான். 1638 மார்ச்சு மாதத்திற் கன்னொறுவையில் நடந்த போரிற் போர்த்துக்கேயரின் படை அழிந்தது. தொடர்ந்து ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் வெஸ்டர்வோல்ட் மட்டக்களப்பிற்கு வந்தார். பீரங்கித் தாக்குதலின் பின், மே 18ஆம் நாள் கோட்டை பணிந்தது. ஐந்து நாட் கழித்து மன்னனும் ஒல்லாந்தரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். போர்ச் செலவை மன்னன் கறுவா முதலிய பண்டங்களால் ஈடு செய்வதென்பது அதிலடங்கிய உறுதிகளுள் ஒன்று.

இவ்வரலாற்றை எளிய விளையாட்டு எவ்வாறு காட்டும்? அமெரிக்க நிறுவனமொன்று 2005இல் வெளியிட்ட 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொள்ளலாம். உணவு, மரம், காசு ஆகிய மூன்றையும் திரட்டி, வீடும் அரணும் எழுப்பி, படை சேர்த்து எதிரியை வெல்வதே இதன் சாரம். போர்த்துக்கேயராகவும் ஆடலாம், ஒல்லாந்தராகவும் ஆடலாம். அவரவர் தாய்நகரிலிருந்து படையும் பண்டமும் வந்திறங்கும். 2007இல் வந்த இதன் விரிவாக்கத்தில் 'சிலோன்' என்ற பெயரிலேயே ஒரு நிலப்படம் உண்டு. ஆடுவோர் சிறு தீவிலிருந்து தொடங்கிக் கடல் கடந்து பெருந்தீவில் இடம்பிடித்தல் வேண்டும். கப்பலின்றிக் கரையில்லை, பொருளின்றிப் படையில்லை என்ற இரண்டு உண்மைகளை இது விரைவில் உணர்த்திவிடும். கோட்டை வீழ்ந்த நாளை விளங்கிக்கொள்ள இது போதும்.

ஆயினும், மன்னன் ஏன் அந்நியனை அழைத்தான் என்ற வினாவிற்கு இங்கே விடை கிடையாது. அதற்கு அரிய விளையாட்டை நாடவேண்டும். சுவீடன் நாட்டு நிறுவனமொன்று 2013இல் வெளியிட்ட 'யூரோப்பா யூனிவர்சாலிஸ்' நான்காம் பாகம் 1444 முதல் 1821 வரையுள்ள காலத்தை நாள் நாளாக நகர்த்துகின்றது. கடன், கூட்டணி, வாணிக வழி, மக்களின் போர்க் களைப்பு ஆகிய அனைத்தையும் ஆடுபவர் ஒருங்கே கவனித்தல் வேண்டும். போர் ஓய்வுக் காலம் முடியுமுன் வாளெடுத்தால் நாட்டின் உறுதி குலையும். வலிமை குறைந்த அரசு வலிமை மிக்க நட்பைத் தேடுவதும், அந்நட்பே பின்னர்ச் சுமையாவதும் இங்கே அனுபவமாகின்றன. ஆனால் இதனைக் கற்கவே பல மணி நேரம் செல்லும். ஓர் ஆட்டம் முடியப் பல நாட்கள் ஆகலாம்.

அவ்வாறாயின் அரியதே உயர்ந்தது எனலாமோ? அங்குதான் எச்சரிக்கை வேண்டும். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்துவது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற நிபந்தனை, மன்னன் கையிலிருந்த போர்த்துக்கேய மொழிப் படியில் இருந்தது. ஒல்லாந்தரின் படியில் அது காணப்படவில்லை. அந்த ஒரு தொடரைச் சுற்றி எழுந்த பிணக்கு நெடுங்காலம் நீடித்தது. 1656இற் கொழும்பு வீழ்ந்தபோதும், ஒல்லாந்தர் அதனை மன்னனிடம் கையளிக்கவில்லை. இரு படிகளுக்கிடையே உள்ள இத்தகைய வேறுபாட்டை எண்களால் அமைந்த விளையாட்டு காட்டுவதில்லை. வாவியில் வலை வீசியவரும், கரையில் வயல் உழுதவரும் அங்கே வரி தரும் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகின்றனர். எளிய விளையாட்டின் குறை எவருக்கும் எளிதிற் புலப்படும். அரிய விளையாட்டின் குறையோ, கணக்குகளின் மிகுதியால் மறைந்து கிடக்கும். இது தான் முழு வரலாறு என்று மாணவர் நம்பிவிடின், தம் ஊரின் கதையைத் தாமே இழந்தவராவார்.

விதிகளின் தொகையும் சிந்தனையின் ஆழமும் வெவ்வேறு என்பதற்குத் தமிழரின் ஆடுபுலி ஆட்டமே சான்று. மூன்று புலி, பதினைந்து ஆடு, தரையிற் கீறிய சில கோடுகள், இவ்வளவே அதன் உடைமை. விதிகளைச் சிறுவரும் சில நிமிடங்களிற் கற்பர். எனினும், எளியோர் பலர் கூடி வலியவனை எவ்வாறு முடக்கலாம் என்பதை அதனினும் தெளிவாகக் கற்பிப்பது அரிது.

ஆகவே, தெரிவு செய்யுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. முதலாவது, எதனை அறிய விருப்பம்? ஒரு முற்றுகையையா, ஒரு நூற்றாண்டையா? இரண்டாவது, எவ்வளவு நேரம் உண்டு? பரீட்சைக் காலத்தில் முடிவில்லா ஆட்டத்தைத் தொடங்குவது அறிவுடைமையன்று. மூன்றாவது, வீட்டிலுள்ள கணினியின் திறன் யாது? பழைய கணினி உடையோருக்கு, டென்மார்க் மாணவர் மூவர் 1995இல் தொடங்கிய 'ஃப்ரீசிவ்' விலையின்றியே கிடைக்கின்றது.

ஆடத் தொடங்கிய பின் வேறொரு சோதனையும் உண்டு. தோற்றவர் தாம் எதனால் தோற்றார் என்பதைச் சொல்ல முடிந்தால், அவ்விளையாட்டு அவர் தரத்திற்கு ஏற்றது. சொல்ல முடியாவிடின் இன்னும் எளியதொன்றிற் பயிலுதல் வேண்டும். தோல்வியே நேராவிடின் அரியதற்கு ஏறும் காலம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

எதனைத் தெரிந்தாலும், ஆட்டம் முடிந்தபின் வரலாற்று நூலொன்றைப் புரட்டுவதும், இருபுறம் வாவி சூழ நிற்கும் அக்கோட்டையை ஒருமுறை சென்று காண்பதும் தவறாது செய்யத்தக்கன. திரையில் இல்லாதது எது என்பதை அவை இரண்டுமே கூறும்.